லேசான இருமல் என்று சொன்னேன்

என் வீட்டுக்காரர் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். இப்போது கட்டிலிலிருந்து வாசல் வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நுரையீரல் டாக்டரைப் பார்க்கத் தேதி கேட்டோம். அங்கே மனுஷர் தேதி கொடுப்பதில்லை. ஆஸ்பத்திரிக்காக ஒரு புரோகிராம், நமக்காக நம் போனில் ஒன்று. இரண்டும் காரணம் சொல்லி வாதாடி ஒரு தேதிக்கு ஒத்துவர வேண்டும். மகள் அதைத் தமிழில் போட்டுக் கொடுத்துவிட்டு, வேலைக்குப் போக கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறப் புறப்பட்டாள்.

"கேக்கறதுக்குப் பதில் சொல்லும்மா. வெக்கப்படாத, அதுக்கு மூஞ்சி கெடையாது."

எனக்குக் கடையில் சாமான் கேட்கவே குரல் வராது. "அவர் எப்படி இருக்கிறார்?" என்று போன் கேட்டதும் சொல்லிவிட்டேன்: "நல்லாத்தான் கீறாருங்க. லேசா இருமல்."

சுரங்கம் ஓடிய காலத்தில் எங்கள் தொழிலாளர் குடியிருப்பு லைனில் எல்லா வீட்டிலும் இதே பதில்தான். நெஞ்சில் தூசி என்று தெரிந்தால் ஷிப்டுக்கு இறக்க மாட்டார்கள், வேலை போய்விடும் என்று பயம். யார் கேட்டாலும் லேசான இருமல். அது நாக்கிலேயே தங்கிவிட்டது.

நாலாம் வகுப்புப் படிப்பை வைத்து, இரண்டும் பேசிக்கொண்டதைப் போனில் எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படித்தேன். எங்களுடையது, வயதானவர், தூரத்திலிருந்து வர வேண்டும், இந்த வாரமே வேண்டும் என்றது. எது சொன்னாலும் ஆஸ்பத்திரியுடையது என் பேச்சையே எடுத்து வைத்தது: "லேசான இருமல் என்று மனைவியே சொன்னார். இதைவிட மோசமானவர்கள் காத்திருக்கிறார்கள். அடுத்த மாதக் கடைசி."

அவர் படுக்கையில் சாய்ந்தபடி சிரித்தார். "நம்ம கொழாயடிய விட மரியாதையா சண்ட போடுதுங்க." சிரிப்பு இருமலாகி, துண்டில் ரத்தம்.

"வேறு காரணம் உண்டா? இல்லையென்றால் இந்தத் தேதிக்கு ஒப்புக்கொள்ள வேண்டும்" என்று எங்களுடையது என்னைக் கேட்டது. அவர் ரத்தத்தைச் சொல்ல வேண்டாமென்று தலையாட்டினார். அடுத்த மாதக் கடைசிவரை இந்த மனுஷன் இருப்பாரா? அவர் முன்னாலேயே சொன்னேன்.

"உக்காந்துக்கினே தூங்கறாருங்க. துண்டுல ரத்தம் வருது. பொண்ணு பாக்கறதுக்குள்ள தொவச்சிடறேன்."

"முன்பு சொன்னதும் இதுவும் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?" என்றது ஆஸ்பத்திரியுடையது.

ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று எங்களுடையது கேட்க, லைன் வீட்டுப் பயத்தைச் சொன்னேன். அதை அப்படியே எடுத்துக்கொண்டு எழுதியது: "நோயை மறைத்துப் பழகியவர்கள். குறைத்துத்தான் சொல்வார்கள், கூட்டிச் சொல்ல மாட்டார்கள். அதனால் இரண்டாவது பதிலே உண்மை."

ஆஸ்பத்திரியுடையதன் பதில் வந்தது.

"ஏற்கிறோம். நாளைக் காலையே அழைத்து வாருங்கள். தனியாக விடாதீர்கள்."

நான் உரக்கப் படித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அடுத்த மாசம்னு சொன்னது நாளைக்கே வான்னுதுன்னா… எனக்கு அவ்ளோ முத்திப்போச்சாடி?"

கொடியிலிருந்து அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து மடித்தேன். பிரித்து மறுபடி மடித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.