சவரியின் நீலப் பெட்டி

போன வாரம் ஒரு வீட்டில் பெட்டி திருடப் போனேன். ஆமாங்க, இந்த வயசில்!

சிம்பாங் அம்பாட்டில் இருக்கிற என் நண்பன் சவரியின் வீடு. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் மெஷின் ரிப்பேர் பார்த்தவன். முதல் ஸ்ட்ரோக்கில் வலது கை விழுந்தது. அடுத்ததில் ஆளே போய்விட்டான்.

சாவதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "ஸ்டோர் ரூம்ல நீலப் பெட்டி இருக்குடா. ரோசி பாக்கறதுக்குள்ள தூக்கிப் போட்டுரு லா..."

ரோசி அவன் மனைவி. பெட்டிக்குள் இருந்தது — ஆண்கள் தனியாக இன்பம் தேடிக்கொள்ளும் மோட்டார் மெஷின். அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன பிறகு ஆன்லைனில் வாங்கியிருக்கிறான். சாகப் போகிறவனுக்கு அந்த ஒரே பயம்தான். கண்ணில் தண்ணீர் வேறு!

அடக்கம் முடிந்தது. அவன் துணிமணிகளையும் சாமான்களையும் பிரித்து சர்ச்சுக்குக் கொடுக்க ஜெபக்கூட்டத்துப் பெண்கள் வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். விழுந்தடித்து ஓடினேன். ரோசி காப்பி போடப் போனதும் ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்து பெட்டியைத் திறந்தேன்.

கையால் திருகும் ஸ்விட்ச்சைப் பிடுங்கிவிட்டு, காலால் அழுத்துகிற பெடல் ஒன்றை இணைத்திருந்தான். ஒற்றைக் கையால் சுற்றிய டேப், கோணல்மாணலாக. ஆனால் மெஷின் மட்டும் சுத்தமாக, எண்ணெய் போட்டு... எப்படி?

"அது என் தையல் மெஷின் பெடல்ண்ணே."

வாசலில் ரோசி. எனக்கு உயிரே போய்விட்டது.

"கெட்டுப்போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னாரு. தேடுனேன், இதுல இருந்துச்சு. ஒத்தக் கையால எப்படித் தொடைப்பாரு, எப்படி எண்ணெய் போடுவாரு? அவரு தெரப்பிக்குப் போற நேரத்துல நான்தான் செஞ்சு வெப்பேன்."

"அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே, தங்கச்சி?"

"சொன்னா வெக்கப்பட்டு நிறுத்திருப்பாரு. ஏற்கெனவே கை போச்சு, வேலை போச்சு. இதையும் நான் புடுங்கணுமா?"

அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எப்படிண்ணே இங்க வந்தீங்க? அவரு சொன்னாரா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"பயந்தாரா?"

"இல்லம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

பெடலைக் கழற்றி அவள் தையல் மெஷினில் மாட்டிக் கொடுத்தேன். மற்றதைச் சாக்கில் கட்டி என் காரில் ஏற்றினேன். வழியெல்லாம் சவரியைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

எல்லாம் தெரிந்தவளுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தே செத்தான், பாவி!