வெளியே சொல்லாத ஒருவரைத் தாரும்

என்னை இம்மட்டும் நடத்திய ஆண்டவருக்கு நன்றி சொல்லி, நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

2003 ஜூன் மாதம். திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சராக இருந்தேன். ரெட்டியார்சத்திரம் பக்கம் பூ விவசாயம் செய்யும் எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஒரு நாள் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். முன்வரிசைப் பெண்பிள்ளைகளைப் பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு வரவில்லை. விழுந்துவிட்டேன். அந்த மாதமே மூன்று முறை இப்படி ஆனது.

டாக்டர் இ.சி.ஜி. எடுத்தார். "இருதயம் நல்லாருக்கும்மா. மனசுலதான் ஏதோ இருக்கு. கவுன்சலிங் போங்க" என்று ஒரு முகவரி எழுதிக் கொடுத்தார். படித்தவள் நான், பைத்தியங்கள் போகும் இடத்துக்குப் போவதா என்று நினைத்தேன்.

எங்கள் சபையில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடத்தும் எஸ்தர் அக்காவிடம் தனியாகச் சொன்னேன்.

"யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா."

"ஏத்தா, நான் சொல்வனா?"

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்ற குறிப்புகளை மைக்கில் வாசிப்பது எங்கள் வழக்கம். எஸ்தர் அக்கா வாசித்த மூன்றாவது குறிப்பு நான்.

"நம்ம டீச்சர் தங்கச்சிக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு. கிளாஸ்ல விழுந்து விழுந்து எந்திரிக்குது. அம்புட்டுப் பேரும் கைய நீட்டி ஜெபிங்க."

எல்லாக் கைகளும் என் பக்கம் நீண்டன. என் மாணவி ஒருத்தியின் அம்மாவுடைய கையும் அதில் இருந்தது.

திங்கட்கிழமை தலைமையாசிரியை கூப்பிட்டார். "பெத்தவங்க பயப்படுறாங்கம்மா. ஜூலை முடிய பாக்குறேன். இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா வேற ஆள் போட்டுருவேன்." வகுப்புக்குள் நுழையும்போதே ஒருத்தி சொன்னாள்: "ஏய், டீச்சர் வாராங்க. பேய் எறங்கிருச்சான்னு பாரு." வகுப்பே சிரித்தது.

அன்று உபவாசம் இருந்து ஜெபித்தேன். "ஆண்டவரே, கேட்டதை வெளியே சொல்லாத ஒரே ஒருவரைத் தாரும்." வேறு எதையும் கேட்கவில்லை.

சனிக்கிழமை, டாக்டர் கொடுத்த முகவரிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி அறை. கவுன்சலிங் செய்யும் அம்மாவே கதவைத் திறந்தார். நெற்றியில் குங்குமம். திரும்பிவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும் உள்ளே போனேன். எனக்குத் தெரிந்த முறைப்படி தலையில் முக்காடு போட்டேன். முழங்காலிட்டேன். தலையில் கை வைப்பார் என்று கண்ணை மூடிக் காத்திருந்தேன்.

"ஏம்மா கீழ உக்காந்துட்டீங்க?"

"நீங்க ஜெபிக்கணும்ல?"

"எனக்கு அது தெரியாதும்மா. நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன். நீங்க பேசுறது இந்த ரூமைத் தாண்டாது. உங்க உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் வேற ஒருத்தர்கிட்ட பேசுவேன். அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்."

நான் கேட்டதை ஆண்டவர் கொடுத்துவிட்டார். அழுதேன்.

அவர் புத்திமதி சொல்லவில்லை. மருந்து கொடுக்கவில்லை. தூக்கம், சாப்பாடு, வீடு என்று கேட்டார். நெஞ்சு படபடத்தால் மூச்சை மெதுவாக விடப் பழக்கினார். முக்கால் மணி நேரம் ஆனதும், அழுகை நிற்காவிட்டாலும், முடித்துவிட்டார். படி இறங்கியபோது முன்பைவிட மோசமாக இருந்தது. அப்படித்தான் இருக்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். அதனால் மறுவாரமும் போனேன்.

மூன்றாம் வாரம் கேட்டார்: "அந்தப் பிள்ளைகளப் பாத்தா யார் ஞாபகம் வருது?"

என் தங்கை கிரேஸ். ஒருத்தியைத்தான் படிக்கவைக்க முடியும் என்று அப்பா அவளை எட்டாவதோடு நிறுத்தி நூல் மில்லுக்கு அனுப்பினார். அவள் உழைப்பில் நான் படித்தேன். பதினைந்து வயதில் மெஷினில் அவளுக்கு இரண்டு விரல் போனது. கட்டுப்போட்ட கையோடு என்னைப் பார்க்க ஹாஸ்டலுக்கு வந்தாள். "யாருடி இது?" என்றார்கள் தோழிகள். "எங்க வீட்டு வேலைக்காரி" என்றேன். அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

இதை நான் ஜெபத்தில்கூடச் சொன்னதில்லை. அந்த அம்மா "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. நான் முடிக்கும்வரை கேட்டார்.

ஜூலை கடைசி வாரம் வகுப்பில் மறுபடி நெஞ்சு அடித்தது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். மூச்சை மெதுவாக விட்டேன். கணக்கை முடித்தேன். விழவில்லை. வேலை நிலைத்தது.

பிறகு நெய்க்காரப்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்த கிரேஸிடம் போனேன். நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"டீச்சரம்மா வேலைக்காரி வீட்டுக்கு வந்திருக்கீங்களோ? உனக்கு நெஞ்சு சரியாயிருச்சு. எனக்கு வெரல் மொளச்சிருச்சா?"

அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

"போயிட்டு வா. மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

இரண்டு வருடம் ஆகிறது. மாதம் ஒருமுறை போகிறேன். அவள் இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஆண்டவர் என் மூச்சைத் திருப்பித் தந்தார். நான் செய்ததை இல்லாமல் ஆக்கித் தரவில்லை. அதற்காகவும் அவருக்கு நன்றி சொல்கிறேன். பட்டத்தை மட்டும் பார்த்து வாழ்ந்தவளுக்கு, அதற்கு யார் விரல் கொடுத்தது என்று காட்டினார்.

வாய்விட்டுச் சொல்ல முடியாமல் தவிக்கிற சகோதரியே, ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு, கேட்கத் தெரிந்தவரைத் தேடிப் போங்கள். அங்கே வலிக்கும். ஆனாலும், போன மாதம் முதல்முறையாகக் கிரேஸ் எனக்கும் ஒரு தட்டு வைத்துச் சோறு போட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை. நான் சாப்பிட்டேன். நம்பிப் போங்கள்.