டைவரின் பையைச் சோதித்த பகல்

அந்தக் கித்தான் பையிலிருந்து என் மேசைமேல் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ உலோகம் உரசியது. ஒவ்வொரு முறை முங்கி எழும்போதும் டைவரின் இடுப்பில் அது கொஞ்சம் கூடுதலாகக் கனத்ததைக் கரையிலிருந்து கவனித்திருந்தேன். இறந்தவர்களின் வீடுகளுக்குள் தனியாகப் போய்வருகிற ஒருவர் இப்படியொரு பையோடு திரும்பினால் அரசு ஊழியனுக்கு என்ன தோன்றுமோ அதுதான் எனக்கும் தோன்றியது.

எழுபதுகளின் ஒரு மழைக்காலம். சொந்த ஊரான பெருமாட்டியில் இருந்த தோப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டு, இடுக்கியில் ஓர் அணைக்கட்டு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தேன். மதகைப் பார்வையிடத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து, முதுகில் காற்று உருளையோடு முங்குகிற ஒருவரை வரவழைத்திருந்தார்கள். டைவர் என்றே எல்லோரும் அழைத்தோம். அவர் அடியில் இருந்த நேரத்தில் எதிர்க்கரை மலையின் ஒரு பக்கம் சரிந்து நீர்த்தேக்கத்துக்குள் விழுந்தது. எழுந்த அலை இந்தக் கரையேறி, தேயிலைத் தோட்டத்தின் கீழ் லயத்தில், அதாவது பள்ளத்திலிருந்த தொழிலாளர் வரிசை வீடுகளில் புகுந்தது. மண்ணும் மரமும் வடிகாலை அடைத்துக்கொண்டதால் புகுந்த நீர் திரும்பவில்லை. கூரை வரை நின்றது.

டைவர் ஒரு கீறலும் இல்லாமல் மேலே வந்தார். “கீழ ஒண்ணுமே தெரியல சார். யாரோ தோளப் புடிச்சு ரெண்டு உலுக்கு உலுக்குன மாதிரி இருந்துச்சு. கம்பியக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன்” என்றார். மலை விழுந்தது தெரியாதாம். அதைக் குறித்துவைத்தேன். விஷயம் கேட்ட கணமே, யார் உத்தரவும் இல்லாமல், உருளையைத் தூக்கிக்கொண்டு லயத்தை நோக்கி அவர் ஓடியதைக் குறிக்கவில்லை. அதற்குப் படிவத்தில் இடம் கிடையாது.

மறுநாள் பகல் ஒரு மணிக்குள் ஏழு பேரின் உடல்களை வெளியே கொண்டுவந்துவிட்டார். அடைப்பு தானாக உடைந்தால் கீழேயுள்ள ஊருக்கு ஆபத்து என்பதால் நான்கு மணிக்கு அதை வெட்டிவிடப் பொறியாளர் முடிவு செய்திருந்தார். வெட்டினால் வீடுகளுக்குள் இருப்பதெல்லாம் நீரோடு ஆற்றுக்குப் போய்விடும். பதினான்காம் எண் வீட்டுக்காரி ஒருத்தி காலையிலிருந்து அலுவலக வாசலிலேயே நின்றாள். “எங்க வீட்டு ஆளு காய்ச்சல்ல படுத்துருந்தாருய்யா. நாங் கொழுந்து பறிக்கப் போயிட்டேன். காரியம் செய்ய ஒரு உடம்பாச்சும் வேணும்யா.” அந்த நேரத்தில்தான் டைவரை நான் உள்ளே கூப்பிட்டேன்.

“ஏனுங்க டைவர், பையில என்னங்க?”

“நம்பர் தகடு சார். கொட்டிப் பாருங்க.”

கொட்டிப் பார்க்க எனக்கு அதிகாரம் இல்லை. சோதனையில் கிடைத்ததைப் பதிவுசெய்யும் மஹசர் எழுத இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்கள் சம்பவத்தில் தொடர்பற்றவர்களாகவும் இருக்க வேண்டும். லயத்தில் அன்று எல்லோருக்கும் ஒரு பிணமாவது இருந்தது. ஆகவே மேலே தோட்ட பங்களாவுக்கு ஆள் அனுப்பினேன்.

“அதுக்குள்ள ஒரு முங்கு போட்டு வந்துர்றேன் சார். பை இங்கேயே கெடக்கட்டும். நான் எங்க ஓடப் போறேன், தண்ணிக்குள்ளயா?”

“சோதனை முடியாம நகரக் கூடாதுங்க.”

சாட்சிகள் வந்து சேர மூன்று மணி ஆனது. பையைக் கவிழ்த்தேன். ஆணித் துளையோடு பதின்மூன்று தகர எண் தகடுகள். வேறெதுவும் இல்லை.

“கலங்கல்ல எங் கையே எனக்குத் தெரியாது சார். பாத்த வீட்டுத் தகடப் புடுங்கிருவேன். கதவத் தடவுறப்ப தகடு இல்லேன்னா அது முடிஞ்ச வீடு. பதினாலு மட்டுந்தான் பாக்கி.”

அப்போதாவது எழுந்திருக்கலாம். தோட்டத்தின் உடைமையை அனுமதியின்றி அகற்றியது ஏன் என்று கேட்டு, பதிலையும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அவர் ஓடியபோது நான்காக இருபது நிமிடம். வெட்ட ஆட்கள் நின்றாகிவிட்டது. பொறியாளர் இறங்க விடவில்லை. நான்கு மணிக்கு நீர் போயிற்று. பதினான்காம் எண் வீட்டின் பின்சுவரும் போயிற்று. டைவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “எண்ணிக்கை சரியா இருக்கா சார்?” என்றார்.

உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாவிட்டால் ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இறப்புச் சான்று கேட்டு வருடந்தோறும் வந்த அந்தப் பெண்ணிடம் அதை ஒரு பிழையும் இல்லாமல் நான்தான் சொன்னேன். ஒருமுறை, “ஏழு வருசம் ஆனாத்தான் அவரு செத்தவராய்யா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். விதி அப்படித்தான்.

இப்போது ஓய்வூதியத்துக்காக ஆண்டுக்கொரு முறை கருவூலத்துக்குப் போய் நான் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்கிறேன். அங்கிருக்கும் இளைஞன் நிமிர்ந்து பார்க்கிறான், முத்திரை குத்துகிறான். சாட்சி கேட்பதில்லை. ஆளை அப்படியே நம்பிவிடுகிறான். இது பெரிய அலட்சியம், மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்று முதல் சில வருடங்கள் நினைத்ததுண்டு. எழுதவில்லை.