டீ டைமுக்கு முன் வந்த ரிப்போர்ட்

எங்கள் கம்பெனியில் பஞ்சுத் தூசி இல்லாத இடம் கம்ப்யூட்டர் ரூம் ஒன்றுதான். அதுவும் மனிதர்களுக்காக இல்லை. தூசி உள்ளே போனால் டிஸ்க் கெட்டுவிடும் என்று மெஷினை விற்றவர்கள் முதலாளியைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் கண்ணாடிக் கதவு, ஏசி, செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும் என்று ஒரு சட்டம். கதவுக்கு உள்ளே நான் உட்கார்ந்திருப்பேன். வெளியே செக்கிங் டேபிளில் என் அக்கா நின்றுகொண்டு இருமுவாள். கண்ணாடி கனமானது, சத்தம் கேட்காது. ஆனால் இருமும்போது அவள் தோள் குலுங்குவது நன்றாகத் தெரியும்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. திருப்பூர் மண்ணரையில் இருந்த அந்தக் கம்பெனிக்கு அக்கா பத்தாவது முடித்ததுமே வந்துவிட்டாள். ட்யூப்லைட்டுக்குக் கீழே பனியன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடி, பிசிறு நூலை வெட்டிப் போடும் வேலை. அவள் அங்கே நின்றதால்தான் நான் கோயமுத்தூரில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் படித்தேன். மூச்சு இழுக்க ஆரம்பித்தபோது டாக்டரிடம் கூட்டிப் போனேன். தூசியில்லாத இடத்தில் வேலை பார்க்கச் சொன்னார். திருப்பூரில் அது எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் தெரிந்திருந்தது.

முதலாளியிடம் கேட்டேன். என் ஒருத்தியால் துணிக்கட்டுச் சீட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடித்து முடிக்க முடியவில்லை, இன்னொரு ஸ்கிரீன் போட்டு அக்காவை உட்கார வைத்தால் என்ன என்றேன். அவர் கெட்டவர் இல்லை. யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

“போட்டுக்கலாங் கண்ணு. ஆனா உங்க ரிப்போர்ட்டு மத்தியானச் சோத்துக்கு மேலதான வருது? அத வெச்சு நான் என்ன பண்றது? காலைல டீ டைமுக்கு முன்னாடி என்ற கைல குடுங்க. அப்பறம் உங்க அக்காள உள்ளார கூட்டிக்கலாம்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. வெட்டிய துணி கட்டுக் கட்டாகத் தையலுக்குப் போகும். எந்தக் கட்டு ஓவர்லாக் தையலில் நிற்கிறது, எது செக்கிங்கில், எது அயர்னிங்கில் என்று சொல்வதுதான் ரிப்போர்ட். காலையில் வேலை தொடங்கும்போது ஓட்டிவிட்டால் மத்தியானம் தாண்டித்தான் முடியும். அதுவரை மெஷினில் சீட்டு அடிக்கவும் முடியாது. அதற்குள் கட்டுகள் அடுத்த டேபிளுக்கு நகர்ந்திருக்கும். நான் கொடுத்தது ரிப்போர்ட் இல்லை, பழைய கதை.

ஏன் அவ்வளவு நேரம் என்றால், அதற்குக் காரணம் எங்கள் ஊர் வழக்கம். ஒவ்வொரு கட்டையும் கழிவுத் துணியால் கட்டி உள்ளே ஒரு சீட்டு வைப்பார்கள். ஒரு கட்டுக்கு ஒரு சீட்டு. இரண்டு கட்டை ஒரே சீட்டில் எழுதினால் இரண்டு சாயத் துணியும் கலந்துவிடும். முன்பக்கம் ஒரு நிறமும் முதுகு ஒரு நிறமுமாகப் பனியன் தைத்து வந்து நிற்கும். முதலாளி அப்படி ஒரு முறை அடிபட்டவர். சரக்குப் போய்ச் சேர்ந்து, வாங்கியவர்கள் சரி என்று சொல்லும்வரை ஒரு சீட்டைக்கூடத் தூக்கிப் போட விடமாட்டார். அதே சட்டத்தைக் கம்ப்யூட்டருக்கும் போட்டார். ஒரு கட்டுக்கு ஒரு ஃபைல். எல்லாம் ஒரே இடத்தில், ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே ஒரு வரி.

எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் எழுதிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

“சீட்டக் கலக்காதீங் கண்ணு,” என்றார். “ஷேடு கலந்தாப்பல ஆயிரும்.”

கம்ப்யூட்டருக்குள் சாயம் ஒட்டாது என்று எவ்வளவு சொல்லியும் அவருக்கு ஏறவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஒரு வரியைப் படிக்க என் புரோகிராம் மூன்று முறை, மெஷினையே இயக்கும் சிஸ்டத்திடம் போய் நிற்க வேண்டும். ஃபைலைத் திற, படி, மூடு. சீட்டுகளை ஆணிகளில் வரிசையாகத் தொங்கவிட்டிருக்கும் ஸ்டோர் கீப்பரிடம் போய், கதவைத் திறங்க என்று ஒரு தடவை, சீட்டைக் கொடுங்க என்று ஒரு தடவை, பூட்டிக்கங்க என்று ஒரு தடவை கேட்பது போல. ஆயிரக்கணக்கான சீட்டுக்கும் இதே கூத்து. ஃபைலின் பெயரைச் சொன்னதும் உள்ளே இருப்பதைக் கொடுத்துவிடுகிற மாதிரி, சிஸ்டத்தைக் கூப்பிட ஒரே ஓர் அழைப்பு இருந்தால் என்ன என்று தோன்றியது. தோன்றிய பிறகு அது என்னை விடவில்லை. பஸ்ஸில் அதே நினைப்பு, சாப்பிடும்போது அதே நினைப்பு. அந்த ஓர் அழைப்புக்கு அந்தப் பக்கம்தான் அக்காவின் நாற்காலி இருந்தது.

அந்தச் சமயம் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு சும்மா கிடைத்த சிடியில் ஒரு சிஸ்டம் வந்தது. அதன் சிறப்பு, அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதையும் எழுதியவர்கள் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். பிடிக்கவில்லை என்றால் நாமே மாற்றிக்கொள்ளலாம். எங்கள் மெஷினில் அதைப் போட்டேன். சொல்லிக்கொடுக்க ஊரில் ஒருவரும் இல்லை. தலையால் தண்ணீர் குடித்து, மாதக்கணக்கில் முட்டி மோதி, சிஸ்டத்துக்குள் என் சொந்த அழைப்பு ஒன்றை எழுதிச் சேர்த்தேன். பெயர் கொடுத்தால் வரி வந்தது. திறக்க வேண்டாம், மூட வேண்டாம்.

ஓட்டிப் பார்த்தேன். மத்தியானம் தாண்டி முடிந்த ரிப்போர்ட், மத்தியானம் தாண்டித்தான் முடிந்தது. ஒரு டீ குடிக்கும் நேரம்கூட மிச்சமாகவில்லை. அன்றைக்கு மானிட்டரின் தலையிலேயே ஒன்று போட்டேன். கை வலித்ததுதான் கண்ட பலன். கண்ணாடிக்கு வெளியே அக்கா உட்கார்ந்துவிட்டிருந்தாள். நின்று பார்க்க வேண்டிய வேலையில் ஒருத்தி உட்கார்ந்தால் அது களைப்பு இல்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பக்கத்து டேபிள் பெண் அவள் முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு சிஸ்டம் எழுதியவர்களின் வரிகளையே பொறுமையாகப் படித்தேன். எனக்குப் பொறுமை என்பது இயற்கையில் கிடையாது. ஆனாலும் படித்தேன். அப்போதுதான் தெரிந்தது. நேரம் போனது திறப்பதிலும் மூடுவதிலும் இல்லை, தேடுவதில். ஒவ்வொரு பெயருக்கும் சிஸ்டம் பெயர் வரிசையின் தலைமாட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தது. ஸ்டோர் கீப்பர் ஒவ்வொரு சீட்டுக்கும் முதல் ஆணியிலிருந்து தேடுகிறார். நான் இத்தனை நாள் கதவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

அழைப்பை மாற்றி எழுதினேன். இனி பெயரே சொல்ல வேண்டாம். ஒரு முறை உள்ளே போ, முதல் ஆணியிலிருந்து கடைசி ஆணிவரை நடந்துகொண்டே, தொங்கும் ஒவ்வொரு சீட்டையும் அங்கங்கேயே படித்து மொத்தமாகக் கொண்டுவந்து கொடு. அவ்வளவுதான். ஒரு கட்டுக்கு ஒரு ஃபைல் என்ற முதலாளி சட்டமும் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை டீக்காரர் கேனோடு மாடிப்படி ஏறுவதற்கு முன்பே பிரிண்டர் கத்தி ஓய்ந்துவிட்டது. தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஓடினேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக ஓடியது அந்த ஒரு தடவைதான். முதலாளி தாளைப் பார்த்தார். எழுந்து ஓவர்லாக் பக்கம் போய்க் கட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு வந்தார். சரியாக இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

“கெட்டிக்காரிதானுங் கண்ணு நீங்க. இனி தெனமும் இப்படியே வந்துருமுங்களா?”

“வந்துருமுங்ண்ணா. அக்காள எப்ப உள்ள வரச் சொல்லட்டுங்?”

அவர் தாளை மடித்து மேசையில் வைத்தார்.

“அதத்தான் யோசிக்கறேன். இத்தன நாளு காலைல பூரா இது ஓடீட்டிருந்துது, உங்களுக்குச் சீட்டு அடிக்க மெஷினு கெடைக்குல. இப்ப காலை பூரா சும்மாதான கெடக்குது? நீங்க ஒருத்தரே அடிச்சு முடிச்சர்லாமல்லங்க. இன்னொரு ஆளு எதுக்குங்?”

அவர் கணக்கு சரியாக இருந்தது. மெஷின் தாமதமாக ஓடிய அந்தக் காலை நேரம்தான் அக்காவின் வேலை. அதை நானே உட்கார்ந்து, மாதக்கணக்கில் படித்து, ஒரு நொடி விடாமல் மிச்சப்படுத்தி ஒழித்திருந்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் என் அக்கா தலையில் போட்டேன்.

அடுத்த நாள் பழைய புரோகிராமை ஓட்டினேன். வேண்டுமென்றேதான். டீ டைமில் அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, “நேத்திக்கு வந்துதல்லங்க?” என்றார், குழந்தை கேட்பது போல. நேற்று வந்தது இன்று ஏன் வரவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு பொய்கூட இல்லை. புதியதையே மறுபடி போட்டேன்.

டீ டைமுக்கு முன் ரிப்போர்ட் வந்தால் அவள் உள்ளே உட்காரலாம் என்று முதலாளி சொன்னதை அக்காவிடம் அப்போதே சொல்லியிருந்தேன், இப்போது அவர் மாற்றிச் சொன்னதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. சீக்கிரம் வந்த ரிப்போர்ட்டைப் பற்றிச் செக்கிங் வரைக்கும் பேச்சுப் போயிருந்தது. தன் தங்கைதான் செய்தாள் என்று டேபிள் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். சம்பளச் சனிக்கிழமை வேலை விட்டதும், பஸ் ஸ்டாப்புக்கு வராமல் ரிஜெக்ட் துணிக் கடைப் பக்கம் போய்விட்டு, மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். அனுப்பர்பாளையம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கவரைப் பிரித்தாள். முழுக்கை வைத்த தடித்த பனியன். வெளிநாட்டுக் குளிருக்குத் தைத்து, கழுத்தில் தையல் கோணிப்போனதால் கழித்துவிட்டது.

“ஏசி ரூமுல குளுருமாமே,” என்றாள். “கழுத்துல கோணலாத்தான் இருக்குது. உள்ளார உக்காந்திருந்தா யாரு பாக்கப் போறாங்க. திங்கக்கெழம போட்டுக்கட்டுமா கண்ணு?”