கிணற்றில் இறங்கியவள்

தொண்ணூறுகளில் எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பெண் வேகமாகப் போனால் எங்கோ கெட்டது நடந்திருக்கிறது என்று அர்த்தம். சும்மா வேகமாகப் போக அவளுக்கு உரிமை கிடையாது. நான் சும்மாதான் போனேன்.

வீடு பாளையம்பட்டியில். அப்பாவுக்கு எண்ணெய்க் கடை. நான் டவுனில் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். சென்னையில் ஒரு போட்டி நடக்கப்போகிறது என்று கூடப் படித்த தோழி சொன்னாள். முதலில் கடலில் நீந்த வேண்டும், கரையேறியதும் சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கியதும் ஓட வேண்டும். மூன்றையும் இடையில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும். "ஒனக்கு சரிப்படாதுடி, ஒங்க ஊர்ல குடிக்கவே தண்ணி கெடையாது" என்று சிரித்தாள். அந்த ஒரு சிரிப்புக்காகவே பேர் கொடுத்தேன்.

அப்பாவிடம் கேட்டால் "அம்மாகிட்டக் கேளு" என்றார். அம்மா, "கழுத்துல தாலி ஏறட்டும், பெறகு எங்க வேணாலும் ஓடு" என்றாள். பந்தல்குடியிலிருந்து ஒரு சம்பந்தம் அப்போது பேச்சில் இருந்தது. சொல்லாமல் கிளம்ப எனக்கு வழி இல்லாமல் இல்லை. என் சம்பளம், என் கால். ஆனால் திருட்டுத்தனமாகப் போக நான் என்ன தப்பா செய்தேன்? பையைத் தூக்கிக்கொண்டு, அம்மா பார்க்க, வாசல் வழியாகத்தான் போவேன் என்று பிடிவாதமாக இருந்தேன்.

விடிந்ததும் திருச்சுழி ரோட்டில் ஓடுவேன். பின்னால் வரும் பஸ்ஸு பக்கத்தில் வந்து நிற்கும். "ஏறும்மா, நாங்க நிப்பாட்ட மாட்டமா? எதுக்கு இந்த ஓட்டம்?" என்பார் கண்டக்டர். போங்கள் என்று கையைக் காட்டினால் பஸ்ஸே ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும். சைக்கிளில் பந்தல்குடி வரை போனால் டீக்கடையிலிருந்து யாராவது எழுந்து வந்து, "வீட்டுல யாருக்கும் மேலுக்கு முடியலையா தாயி?" என்பார்கள். எல்லாரும் நல்லா இருக்காக என்றால் அவர்களுக்கு ஏமாற்றமாகிவிடும்.

நீந்துவதற்கு மாமா தோட்டத்துக் கிணறு. சின்ன வயதில் கடையின் காலி எண்ணெய் டின்னை என் முதுகில் கட்டி மாமாதான் அதில் தள்ளிவிட்டுப் பழக்கினார். வயசுக்கு வந்ததும் போகக்கூடாது என்றார்கள். இப்போது யாரையும் கேட்காமல் மறுபடி இறங்கினேன். கிணற்றில் நாலு கை வீசினால் சுவர் வந்துவிடும். அதை உதைத்துத் திரும்பி இன்னொரு நாலு கை. கடலில் உதைத்துத் திரும்பச் சுவரே இருக்காது என்று நினைத்தால் பயமாக இருக்கும். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலையில் ஆடு மேய்க்க வந்த ஒரு அம்மா கிணற்று மேட்டில் என் சைக்கிளைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் செருப்பு, மடித்து வைத்த துப்பட்டா. எட்டிப் பார்த்த நேரம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு அடியில் இருந்தேன். மேலே வந்தபோது, "ஆத்தாடி, பிள்ள விழுந்துருச்சே! கயித்தக் கொண்டாங்கப்பா!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் வேட்டியோடு குதித்து என் தலைமுடியைப் பிடித்தார். "விடுங்கண்ணே, நான் நீந்திக்கிட்டு இருக்கேன்" என்றேன். "அவசரப்படாதம்மா, எல்லாம் சரியாப் போகும்" என்று இன்னும் இறுக்கினார். அவருக்கே மூச்சு வாங்கியது. கடைசியில் நான்தான் அவரை இழுத்துக்கொண்டுபோய்ப் படியில் சேர்த்தேன்.

மேலே ஒரு கூட்டமே நின்றது. முதல் கேள்வி, "யாரு அவன்?"

"எவன்?"

"ஒன்ன ஏமாத்துனவன்."

ஒருவனும் இல்லை, போட்டிக்குப் பழகுகிறேன் என்றேன். அதுவரை அழுத முகங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொம்பளப் பிள்ளைக்கு என்ன நீச்சலு?" செத்துக் கிடந்திருந்தால் ஐயோ பாவம் என்றிருப்பார்கள். உயிரோடு ஏறி வந்ததைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒங்க பயலுக இதே கிணத்துல நாள்பூரா குதிக்கிறானுகளே, அப்பக் கயித்தத் தூக்கிட்டு ஓடியாந்தீகளா?" என்று கேட்டுவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் திரும்பக் குதித்தேன். சுவருக்குச் சுவர், கை ஓயும்வரை நீந்தினேன்.

ஏறும்போது அம்மா நின்றிருந்தாள். செய்தி கேட்டு யாருடைய மொபெட்டிலோ ஏறி வந்திருக்கிறாள். காலில் செருப்பில்லை, கொண்டை அவிழ்ந்து கிடந்தது. நான் கல் படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து மேலே வருவதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். வந்ததும் பளார் என்று ஒரு அறை.

பந்தல்குடிக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். கிணற்றில் விழுந்த பெண்ணாம். போகட்டும், எனக்கு நிம்மதி. மறுநாளும் கிணற்றுக்குப் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். அம்மா தடுக்கவுமில்லை, சரி என்று சொல்லவுமில்லை.

சென்னைக்குக் கிளம்பும் நாளும் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வேண்டாம் என்றால் என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் சண்டையைத் தயார் செய்து வைத்திருந்தேன். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அத்தை வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் அக்கா, பக்கத்து வீடு.

"இம்புட்டு ஆன பெறகும் இவளக் கடலுக்கு அனுப்புறியாக்கும்? கேக்க மாட்டியா நீ?"

அம்மா சுளகைக் கீழே வைத்தாள்.

"மதினி, இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாளா, கிணத்துல எறங்குன பொம்பளையத் தூக்கிட்டு வந்துதான் நான் பாத்துருக்கேன். தானா ஏறி வந்தவ இவ ஒருத்திதான். வழிய விடுங்க, அவ போகட்டும்."