ஊசிக்கு ஆடித் தள்ளுபடி

நோயாளியின் கைகாலை அசைக்கும் நேரத்தைவிட, அவருடைய சொந்தக்காரர்களோடு வாயை அசைக்கும் நேரம் அதிகமாகிற தொழில் ஃபிசியோதெரபி. வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் என் சக பாவப்பட்ட ஜீவன்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்டர்ன்ஷிப்பில் எனக்கு வாய்த்த ஊர் ஆரணி.

பையில் இல்லாத பொருள்

சாலமன் அண்ணன் பட்டு நெய்கிறவர். போன வருஷம் வீட்டுக்குக் கூரை ஷீட் போட ஏறியவர் தவறி விழுந்ததில் தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு யார் உதவியும் இல்லாமல் மாற வேண்டும், அதற்குத் தோளும் கையும் உரமேற வேண்டும் என்று முதல் நாளே ஒரு குட்டிச் சொற்பொழிவு ஆற்றினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு என் பையை எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரி மேடம், தைலம் எடுத்தாரலையா?"

நானே தோண்டிய குழி

பெரிய ஊர் கிளினிக் ஒன்றில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்து நடக்கலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சந்தவாசல் பக்கம் இருந்த மனையை விற்கப் பேச்சு நடந்தது. அண்ணன் மனைவி எஸ்தர் அக்காவுக்குப் பாவு பிணைக்கும் வேலை: தறியில் நீளவாட்டில் ஓடும் நூலான பாவு தீர்ந்ததும், அதன் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பது. ஆகா, உதாரணம் கிடைத்ததே என்று ஆரம்பித்தேன். தண்டுவடம் ஒரு பாவு மாதிரி. அடிபட்டதில் இழைகள் அறுந்திருக்கின்றன. ஸ்டெம் செல் என்பது எந்த இழையாகவும் மாறக்கூடிய கச்சாப் பட்டு. அது சரியான நுனியோடு போய்ச் சேருமா என்று உலகம் முழுக்க ஆராய்கிறார்கள், யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை.

கடைசி வாக்கியம்தான் முக்கியம். அது அக்கா காதிலேயே ஏறவில்லை. முகமெல்லாம் வெளிச்சம்.

"இவ்ளோதானா? நான் தெனிக்கும் பிணைச்சிகினுதான இருக்கேன்! உங்க டாக்டருங்களுக்குக் கை வரலன்னா என்னைக் கூப்புடச் சொல்லு மேடம்."

வீடியோ

மனை விற்க நாள் பார்த்தாயிற்று. அண்ணன் பயிற்சியையும் நிறுத்திவிட்டார். எப்படியும் நடக்கப் போகிறவருக்குத் தோள்வலி எதற்காம்? பெரணமல்லூரிலிருந்து வந்த அக்காவின் அண்ணன் மாணிக்கம், செல்போனில் கிளினிக் வீடியோ காட்டினார். ஒருவர் கம்பியைப் பிடித்து நடக்கிறார், பின்னால் உருக்கமான இசை. அவருக்கு எங்கே அடி? ஊசிக்கு முன்னால் எப்படி இருந்தார்? சிலருக்கு முதல் சில மாதங்களில் கொஞ்சம் அசைவு தானாகவே திரும்புமே, இது ஊசியால் வந்தது என்று எப்படித் தெரியும்? மூச்சுவிடாமல் கேட்டேன். மாணிக்கம் சிரித்தார்.

"மச்சான் எழுந்து நடந்துட்டா உன் பொழப்பு போயிடும்னு உனக்கு பேஜாராவுது, அதான பாப்பா?"

அன்று பஸ் ஏறும்வரை எனக்கு ரத்தம் கொதித்தது.

ஸ்பீக்கரில் ஒரு ஆஃபர்

மறுநாள் உத்தியை மாற்றி, மாணிக்கத்திடமே சொன்னேன். "அண்ணா, நான் பேசலை. நீங்களே போன் போட்டுக் கேளுங்க, இது ஆராய்ச்சியா, நிரூபிச்ச வைத்தியமான்னு." மாணிக்கம் ஸ்பீக்கரில் போட்டார். கிளினிக் ஆள் "ரெண்டும்தான் சார்" என்றான். சும்மா இருப்பேன் என்று சொன்னவள், இருக்க முடியாமல், "ஆராய்ச்சின்னா நோயாளிகிட்ட காசு வாங்கக் கூடாதே?" என்று நுழைந்தேன்.

அந்தப் பக்கம் குரல் உடனே குழைந்தது: "சாருக்காக ஆடி ஆஃபர் தரோம். ரெண்டு ஊசி போட்டா மூணாவது ஃப்ரீ." மாணிக்கத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பட்டுச்சேலை ஊரில், ஒரு நெசவாளியிடம்! சாலமன் அண்ணன் போனைத் தன் பக்கம் இழுத்தார்.

"யோவ், நான் ஆரணிக்காரன். ஆடியில எந்தப் பொடவைய தள்ளுபடியில தள்ளுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? வையி போனை."

டீ

மனை தப்பியது. ஆனால் அண்ணன் முகம் செத்துப்போயிருந்தது. "அப்ப நமக்கு வழியே இல்லையா மேடம்?" என்றார். பொய் சொல்லவில்லை. "நிரூபிச்ச வைத்தியம் வருமான்னு தெரியாதுண்ணா. நிஜமா வந்தா, அன்னைக்கு உங்க மூட்டு இறுகாம, முதுகுல புண்ணில்லாம இருக்கணும். வரலைன்னாலும் நாற்காலியில நீங்களே ஏறணும்." அண்ணன் படுத்தபடியே தோள் பயிற்சிக்குக் கையைத் தூக்கினார்.

என் கடைசி வாரத்தில் ஒருநாள் போனபோது கட்டில் காலி. அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தானே நாற்காலிக்கு மாறி, யாரும் தள்ளாமல், தெருமுனை டீக்கடைக்குப் போயிருக்கிறார் மனிதர். வியர்க்க விறுவிறுக்கச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"டீயா அது? கழனித்தண்ணி! நாளைக்குப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போறேன்."

படித்த படிப்பையெல்லாம் எடுத்துவிட்டும் தோற்றுக்கொண்டே இருந்த நான், கடைசியில் ஒரு ஆடித் தள்ளுபடியின் புண்ணியத்தில் ஜெயித்தேன் என்பதை என் பேராசிரியர்களிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.