புளி போட்டுத் துலக்கிய மகாராணி

செம்புக் காசு ஒன்றை உள்ளங்கைக்குள் கொஞ்ச நேரம் இறுக்கி மூடி வைத்திருந்தால் கையில் ஒரு வாடை ஏறும். சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் லேசில் போகாது, சோறு பிசையும்போது மறுபடி தலைகாட்டும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா முதலில் என் கையைத்தான் மோந்து பார்ப்பார். அந்த வாடை இருந்தால், வரும் வழியில் எங்கோ நின்று யாரிடமோ காசு மாற்றியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக விழும் 'பீலி'த் தண்ணீரில் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தால்தான் தேத்தண்ணி கிடைக்கும்.

மஸ்கெலியாவுக்கு மேலே இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். வரிசையாகக் கட்டிய லய வீடுகளில் ஒரு அறை, 'காம்பரா' என்போம், அதுதான் எங்கள் வீடு. அங்கே மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் தீப்பெட்டிப் படம், பளிங்குக் குண்டு என்று நியாயமான ஆசைகள் இருக்க, எனக்கு மட்டும் செல்லாத காசு சேர்க்கும் பைத்தியம் பிடித்திருந்தது. நாலு மூலையும் மழுங்கிய சதுர ஐந்து சதம், ஓரமெல்லாம் பூவைப்போல நெளிந்த இரண்டு சதம், ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஒரு சதம் என்று ஒரு 'பால்மா' டின் நிறைய வைத்திருந்தேன். செல்லுகிற காசே வீட்டில் தங்குவதில்லை, இவள் செல்லாத காசுக்கு லயம் லயமாக அலைகிறாள் என்று அம்மா பக்கத்துக் 'காம்பரா'க்காரர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனாலும் கொழுந்து எடுக்கிற இடத்தில் யார் சுருக்குப் பையில் பழைய காசு கிடந்தாலும் எனக்காகக் கேட்டு வாங்கி வந்துவிடுவார்.

சேர்ப்பதில் ஒரு தொல்லையும் இல்லை. சேர்த்தது நல்ல காசா, சொத்தைக் காசா என்று யாராவது சொல்ல வேண்டுமே, தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் அதைச் சொல்லத் தகுதியுள்ளவர் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டவர், முக்கியமாக அவரே ஒப்புக்கொண்டவர், 'ஸ்டோர்' என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் டீமேக்கர் ஐயா. அவரும் காசு சேர்ப்பவர். தேயிலை மாதிரி அனுப்பும் சின்னத் தகர டின்களில் தன் காசுகளை அடுக்கி, ஆபீஸ் மேசையில் வைத்திருப்பார். தேயிலையைத் தரம் பிரித்துப் பிரித்தே பழகிய மனிதர் என்பதால் காசுக்கும் அதே தரம்தான். மிக நல்ல காசு 'பி.ஓ.பி.', சுமாரானது 'ஓ.பி.', தேறாதது 'டஸ்ட்'. காசை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், நகத்தால் தட்டிப் பார்ப்பார், கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுப்பார். காசில் என்ன மணம் வரும் என்று கேட்கும் தைரியம் எனக்கு இருக்கவில்லை.

அவருடைய டின்களில் இருந்ததெல்லாம் பி.ஓ.பி. என்னுடையதில் முக்கால்வாசி டஸ்ட். ஒரு மழை நாளில் என் ஜார்ஜ் மன்னரைப் பார்த்துவிட்டு டஸ்ட் என்று தள்ளினார். அடுத்த வாரம் நல்ல வெயில். அதே மன்னரை என் கூட்டாளி கனகாவின் கையில் கொடுத்தனுப்பினேன், பி.ஓ.பி. என்று முதுகில் தட்டிக் கொடுத்து ஒரு டொஃபியும் தந்து அனுப்பினார். டொஃபியை அவள் தின்றுவிட்டாள். பிறகுதான் சங்கதி புரிந்தது. மழை பெய்தால் ஸ்டோரில் கொழுந்து வாடாது, கொழுந்து வாடாவிட்டால் தேயிலை சரிவராது, தேயிலை சரிவராவிட்டால் அவருக்கு உலகத்தில் எதுவுமே நல்லதாகப் படாது. அதற்குப் பிறகு நான் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொண்டு போவேன். எங்கள் ஊரில் அது சுலபமான காரியம் இல்லை என்பது அங்கே ஒரு வாரம் இருந்தவர்களுக்குத் தெரியும்.

என் டின்னில் இல்லாத ஒரே நல்ல காசு எங்கள் வீட்டுச் சாமித் தட்டில் இருந்தது. விக்டோரியா மகாராணி தலை போட்ட, உள்ளங்கையை நிறைக்கும் செம்பு ஐந்து சதம், பின்பக்கத்தில் ஒரு பனைமரம். அம்மா கல்யாணமாகிப் பொல்பிட்டியப் பக்கத்திலிருந்து வந்தபோது பிறந்த வீட்டில் முந்தானையில் முடிந்துவிட்ட காசு அது. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் விளக்கோடு சேர்த்து அதையும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி, மகாராணியின் நெற்றியில் பொட்டு வைத்துத் தட்டில் வைப்பார். எங்கள் ஊர் ஈரத்துக்கும் அடுப்புப் புகைக்கும் மாசி முடிவதற்குள் அது மறுபடி கறுத்துவிடும். நான் நச்சரித்த நச்சரிப்புத் தாங்காமல், பொங்கலுக்குத் தட்டுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு வருஷம் அதை எனக்குக் கொடுத்தார்.

நல்ல வெயில் நாளாகப் பார்த்து டீமேக்கர் ஐயாவிடம் கொண்டு போனேன். அவர் பார்த்தார், தட்டினார், மோந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "நூறு வருஷமா யாரு கையும் படாத காசு புள்ள இது. அந்தக் கறுப்பு இருக்கு பாரு, அதுதான் இதுக்கு மரியாத," என்றார். தைப்பொங்கலும் புளியும் என் நாக்கு நுனி வரை வந்தன. விழுங்கிவிட்டேன். பி.ஓ.பி. என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஹட்டனில் பள்ளிக்கூடங்களுக்கான கண்காட்சி ஒன்று வந்தது. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து போக ஒரு சேகரிப்புக்குத்தான் இடம், மாஸ்டருக்குக் காசைப் பற்றி ஒன்றும் தெரியாததால் தேர்வு டீமேக்கர் ஐயாவின் பொறுப்பு. அவர் என் டின்னைக் கைகாட்டினார். போகும் நாளன்று காலையில் கடைசியாக ஒரு தடவை பார்த்துத் தருவதாகவும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டம் முழுக்க ஓடி எல்லாரிடமும் சொன்னேன், இரண்டு தடவை சொல்லப்பட்டவர்களும் உண்டு.

என் அம்மா அன்று அதைக் கேட்டு என்ன நினைத்திருப்பார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. ஹட்டனில் ஒரு புடவைக் கடையில், கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த அவருடைய விரல்களைப் பார்த்துவிட்டு, துணியைத் தொடாமல் பார்க்கும்படி கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அம்மா ஹட்டனுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் முதல் நாளே புளி போட்டு விரலைத் தேய்ப்பார். நகம் வெட்டாமல், சட்டை தோய்க்காமல் நான் ஒரு நாளும் பஸ் ஏறியதில்லை. லயத்துப் பிள்ளை அழுக்கு என்று ஒருத்தர் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

கண்காட்சிக்கு முதல் நாள் நான் கனகா வீட்டில் பெருமை அடித்துவிட்டுத் திரும்பியபோது பீலிக்கரையில் அம்மா குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு சிரட்டையில் புளி, இன்னொன்றில் சாம்பல். முன்னால் விரித்த சாக்கில் என் காசுகள் அத்தனையும், அன்றுதான் அச்சடித்ததுபோல, கண்ணைப் பறித்துக்கொண்டு கிடந்தன. நடுவில் மகாராணி, தங்கப் பல் கட்டியவர் சிரிப்பதுபோல மின்னினார். நான் போட்ட சத்தத்தில் கீழே பணிய லயத்து நாய்கள் குரைத்தன. அம்மாவுக்கு ஒன்றுமே விளங்கவில்லை, பாராட்டுவேன் என்று காத்திருந்தவர் அவர்.

காலையில் டீமேக்கர் ஐயா டின்னைத் திறந்தார், மூடினார். மோந்துகூடப் பார்க்கவில்லை. அத்தனையும் டஸ்ட் என்றார். காசைத் துலக்கினால் அதன் மேல் தோலே போய்விடும், இனி இது வெறும் செம்பு என்று, வேலைக்குப் போகும் வழியில் என்னோடு வந்திருந்த அம்மாவிடம் விளக்கப் பார்த்தார். அம்மா கூடையைத் தோளிலிருந்து இறக்காமலேயே கேட்டார்:

"நாலு பேரு பாக்கிற எடத்துக்குச் சாமான அழுக்கோட கொண்டு போவாங்களாங்க ஐயா? நீங்க ஸ்டோர்ல தூசி தும்போடயா தேயில அனுப்புறீங்க?"

ஐயா டின்னை என் பக்கமாகத் தள்ளினார். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று அம்மா போய்விட்டார். வேறு சேகரிப்புத் தேட நேரமில்லாததால் மாஸ்டர் என்னையே பஸ்ஸில் ஏற்றினார். ஹட்டனில் வந்தவர்கள் எல்லாரும் என் மேசையருகே நின்றார்கள், எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், இது புதுக் காசா என்று. ஒரு பெரியவர் இது செய்து கொண்டுவந்த போலி என்றே தீர்ப்புச் சொன்னார். பரிசு தபால் முத்திரை சேர்த்த ஒரு பையனுக்குப் போனது. வீட்டுக்கு வந்ததும் அம்மா பரிசைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"யாராச்சும் அழுக்குன்னு சொன்னாங்களா?"

"இல்ல."

"அது போதும். போயி கைய கழுவிட்டு வா."

அந்தப் பொங்கலுக்கு மகாராணி தட்டுக்குத் திரும்பிவிட்டார். நான் வளர்ந்து, ஹட்டனிலேயே ஆசிரியையாகி, இப்போது செல்லாத காசுகளை ஆல்பத்தில் சேர்க்கிறேன். பைத்தியம் தெளியவில்லை, வசதி மட்டும் கூடியிருக்கிறது. போன வருஷம், டீமேக்கர் ஐயாவுக்கு மேலே ஒரு நீதிமன்றம் இருக்கிறது என்ற எண்ணத்தில், அம்மாவிடம் பழைய நிபந்தனைக்கே அந்தக் காசை வாங்கி, கொழும்பு வியாபாரி ஒருவர் மூலம் வெளிநாட்டில் காசுக்குத் தரம் போடும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினேன். அதற்கு ஆன செலவை இங்கே எழுதினால் அம்மாவுக்கு யாராவது படித்துக் காட்டிவிடுவார்கள். மாதக்கணக்கில் காத்திருந்தேன். ஒருவழியாகக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைபட்டு மகாராணி வந்து சேர்ந்தார். தலைமாட்டில் ஒரு சீட்டு. மற்றவர்கள் காசுக்கெல்லாம் எண் போட்டுத் தரம் கொடுப்பவர்கள், என் காசுக்கு எண் போடவில்லை. துலக்கப்பட்டது, தரமிட இயலாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். மோந்து பார்த்தார்களோ என்னவோ.

பொங்கலுக்கு முதல் நாள் அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அம்மா இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். யாரோ நல்லாத் துலக்கியிருக்காங்கன்னு எழுதியிருக்கு என்றேன். அம்மாவின் முகம் விரிந்தது.

"அங்க இருக்கிறவுங்களுக்கே தெரிஞ்சிருச்சா?"

பிறகு, இதை எப்படித் திறப்பது என்று கேட்டார். திறக்கக் கூடாது, திறந்தால் அந்தச் சீட்டுக்கு மதிப்பில்லை என்றேன். "பூட்டி வச்சா பொங்கலுக்கு எப்புடி துலக்குறது?" என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோய், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய பழைய கத்தியைக் கூரைச் சந்திலிருந்து உருவிக்கொண்டு வந்தார். அம்மாவின் விரல்களுக்கு இப்போது பிடி போதாது. தடுப்பதா என்று ஒரு கணம் யோசித்தேன், பிறகு பெட்டியை நானே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒரே நெம்பு. மாதக்கணக்கான என் காத்திருப்பு 'டக்'கென்று இரண்டாகப் பிளந்தது.

பழைய ஸ்டோர் மூடிக்கிடக்கிறது, டீமேக்கர் ஐயா இல்லை, அவருடைய டின்கள் யாரிடம் போயினவோ தெரியாது. அதைவிடப் பெரிய இழப்பு மகாராணிக்குத்தான். மூக்கு எப்போதோ போய்விட்டது, கிரீடத்தில் பாதி போய்விட்டது, இன்னும் சில பொங்கல் போனால் தலை இருந்த இடமே தெரியாது. பெட்டியின் பாதியில் இப்போது அம்மா குங்குமம் வைத்திருக்கிறார், சீட்டும் அதில்தான் ஒட்டியிருக்கிறது. பெட்டி பிளந்த அன்று பீலிக்கரையில் இருவரும் குந்தினோம். மகாராணியின் பக்கத்தை அம்மா தேய்த்தார். விரல் வலிக்கிறது என்று காசை என்னிடம் நீட்டினார், பனைமரத்துப் பக்கத்தை நான் தேய்த்தேன்.